பெராக்சைடும் காடி மருந்தும்

சூளகிரி நிறுத்தத்தில் நானும் என் மனைவியும் சாலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று பேருந்துக்குக் காத்திருப்போம். நான் மேற்கே ஓசூருக்குப் போக வேண்டும், அவள் கிழக்கே கிருஷ்ணகிரிக்கு. இரண்டுக்கும் நடுவில் வீடு எடுத்ததே அதற்காகத்தான். யாருடைய வண்டி முதலில் வருகிறதோ அவர் ஏறுவதற்கு முன் கையைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். நடுவில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பதால் பாதி நாள் அந்தக் கை தெரியாது.

நான் வேலை பார்த்தது மருத்துவமனைகளுக்குப் போகும் பஞ்சை வெளுக்கும் ஆலையில். அவள் மாம்பழக் கூழ் ஆலையில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டு ஆலைகளும் ஒரே திரவத்தை நம்பியிருந்தன. எங்கள் ஆலையில் பஞ்சை வெளுக்கப் பயன்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடுதான் அவர்கள் ஆலையில் கிருமியைக் கொல்லவும் பயன்பட்டது. பிறகு அவர்கள் அதை விட்டுவிட்டு அதன் உறவுக்கார மருந்து ஒன்றுக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தால் எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அது 2004ஆம் ஆண்டு மாம்பழ சீசன். என் மனைவி அதற்கு முந்தின வருஷம் என்று இன்றும் சாதிக்கிறாள். ஆனால் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். நான் அந்தக் கூழ் ஆலைக்குப் போன அன்று, வாசல் பலகையில் 'தருமபுரி மாவட்டம்' என்பதன்மேல் வெள்ளை பூசி, காயட்டும் என்று விட்டிருந்தார்கள். புதுப்பெயர் இன்னும் எழுதவில்லை. ஆகவே 2004தான். இதைச் சொன்னால் அவள், "போர்டு பூசுறத பாக்கத்தான் அன்னிக்கு வந்தீங்களா?" என்பாள்.

முதலில் என் பெராக்சைடைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு அது தண்ணீர். நிறம் இல்லை. வாசனை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தண்ணீரில் இருப்பதைவிட ஒரு ஆக்சிஜன் அணு கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் அணு அங்கே நிம்மதியாக இருப்பதில்லை, எப்போது இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டேயிருக்கும். பஞ்சின் பழுப்பு நிறத்தின்மேல் இறங்கினால் பஞ்சு வெளுக்கும், கிருமியின்மேல் இறங்கினால் கிருமி சாகும். வேலை முடிந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் இதை 'ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர்' என்று அழைத்தார் எனக் கிருஷ்ணகிரி நூலகத்துக் கலைக்களஞ்சியம் ஒன்றில் படித்திருக்கிறேன். அதைவிடப் பொருத்தமான பெயர் பிறகு யாருக்கும் தோன்றவில்லை.

அவசரப்படாத மருந்து அது. குளிர்ந்திருக்கும்போது மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் நாங்கள் காரச் சோடாவோடு சேர்த்துக் கொப்பரையில் கொதிக்கவிடுவோம். அதற்கு இரும்புத் துரு ஆகாது. துருப்பிடித்த ஆணி ஒன்று பஞ்சோடு சேர்ந்து கொப்பரைக்குள் விழுந்துவிட்டால், அந்த இடத்தில் பெராக்சைடு வெறிபிடித்ததுபோல் சிதைந்து பஞ்சையே அரித்துவிடும். எடுத்துப் பார்த்தால் பஞ்சுப்பாளத்தில் ஒரு ஓட்டை இருக்கும். விரலில் பட்டால் பட்ட இடம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து, ஊசி குத்துவதுபோல் குறுகுறுக்கும், பிறகு தானாகச் சரியாகிவிடும். அதன் கேன்களுக்கு இறுக்கமான மூடி போடக் கூடாது. உள்ளே ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துகொண்டே இருப்பதால், மூச்சுவிட ஓட்டை உள்ள மூடிதான் போடுவார்கள்.

கல்யாணமான புதிதில் என் வெளுத்த விரல்களைப் பார்த்து அவள் பயந்துபோனாள். பிறகு அவளும் கூழ் ஆலையில் சேர்ந்து, அங்கும் அதே மருந்தைக் கண்டதும் பயம் போயிற்று. "உங்க சொந்தக்காரரு எங்க கம்பெனியிலயும் இருக்காரு" என்று வந்து சொன்னாள்.

அவள் சேர்ந்தது பழம் பிரிக்கும் மேசையில். சீசனில் லாரி லாரியாக வந்து இறங்கும் பெங்களூரா வகை மாங்காய்களில் அழுகலை ஒதுக்கி, காம்பைக் கிள்ள வேண்டும். காம்பிலிருந்து தெறிக்கும் பால் கையைச் சுடும். மே மாதம் முடிவதற்குள் அந்த மேசையில் நிற்கும் பெண்களின் விரலிடுக்குகள் எல்லாம் புண்ணாகிவிடும். இரண்டு சீசன் அங்கே நின்றபின் கூழ் நிரப்பும் அறைக்கு உதவியாகப் போனாள். அங்கே இயந்திரத்தை ஓட்டியவர் ஊருக்குப் போய்த் திரும்பி வராமல் இருந்துவிட, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு அவளையே ஆப்பரேட்டர் ஆக்கிவிட்டார்கள். அந்த ஆலையில் இயந்திரம் ஓட்டிய ஒரே பெண் அவள்தான்.

அந்த அறை நாலு பக்கமும் மூடியது. ஒரு பக்கம் கண்ணாடி. சூடாக்கிக் குளிரவைத்த கூழ் குழாய் வழியாக அங்கே வரும். ட்ரம்முக்குள் பெரிய பை விரித்து வைத்திருப்பார்கள். பையின் வாயை இயந்திரத்தின் பிடியில் பொருத்தினால், சின்னப் பெட்டி ஒன்று அதன்மேல் இறங்கி மூடி, மருந்தைத் தெளித்துக் கிருமியைக் கொன்று, மூடியைத் திறந்து, கூழை நிரப்பி, மறுபடி மூடிவிடும். காற்றிலிருந்து ஒரு கிருமிகூட உள்ளே போகக் கூடாது. போனால் பல வாரம் கழித்துக் கப்பலில் எங்கேயோ அந்தப் பை உப்பும்.

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கண்ணாடி முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். வெள்ளைக் கோட்டும் தலைக்கு வலையும் போட்டுக்கொண்டு உள்ளே நிற்பவள் என் மனைவி. அவளுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் எண்ணெய்ப் புட்டியை மூடும்போதுகூட, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை விரலால் சுற்றித் தடவிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

முந்தின சீசனில் அனுப்பியதில் சில ட்ரம்களில் பை உப்பிவிட்டதாகப் புகார் வந்தது. வாங்குகிறவர்கள் மருந்தை மாற்றச் சொன்னார்கள். 2004 மே மாதம் வேலை தொடங்கியபோது புது மருந்து வந்திருந்தது. அதன் பெயர் பெரசிட்டிக் அமிலம். பெங்களூரிலிருந்து அதை விற்க வந்தவர் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பாடம் நடத்தியிருக்கிறார். கேனைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் காடி நெடி. ஊறுகாயில் ஊற்றும், வினிகர் என்கிற காடியேதான், ஆனால் பல மடங்கு. அன்றே தொழிலாளிகள் அதற்குக் 'காடி மருந்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது புடவையெல்லாம் அந்த நெடி. என்ன ஏது என்று விசாரித்தேன். அடுத்த வார விடுமுறையில் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காடியில் உள்ள அசிட்டிக் அமிலத்தையும் பெராக்சைடையும் சேர்த்தால் பெரசிட்டிக் அமிலம் கிடைக்கும். ஆனால் முழுவதும் மாறிவிடாது. கேனுக்குள் பழைய பெராக்சைடும் காடியும் புதிய அமிலமும் ஒன்றாகவே இருக்கும், ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் இருக்கும். இதற்கும் ஓட்டை வைத்த மூடிதான்.

வேகத்தில் இது பெராக்சைடைத் தோற்கடித்துவிடும். சூடு வேண்டாம், பச்சைத் தண்ணீரிலேயே வேலை செய்யும். கொஞ்சம் போதும். நம் உடம்பிலும் பல கிருமிகளிலும் பெராக்சைடை உடைத்துத் தண்ணீராக்கிவிடும் ஒரு நொதி உண்டு. காயத்தில் பெராக்சைடை ஊற்றினால் நுரைப்பது அதனால்தான். அந்த நொதியால் பெரசிட்டிக் அமிலத்தை ஒன்றும் செய்ய முடியாது. எளிதில் சாகாத கிருமி வித்துகளைக்கூட அது விடாது. வேலை முடிந்தால் காடியாகவும் தண்ணீராகவும் உடைந்து போய்விடும் என்பதால் உணவுத் தொழிலுக்கு நல்லது. ஆனால் பித்தளையையும் செம்பையும் அரிக்கும், சில வகை ரப்பரைக் கெடுக்கும், கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். மூச்சுத் தொந்தரவு வரக்கூடும் என்றும் ஒரு வரி போட்டிருந்தது.

அந்த வரியைப் படித்த வாரத்திலேயே அவளுக்கு இருமல் வந்தது.

முதலில் நெடுஞ்சாலைத் தூசி என்றாள். நியாயமான காரணம்தான். அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் எங்கேயாவது மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு மாந்தோப்பில் அடிக்கும் பூச்சிமருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். ஜூன் நடுவில் வீட்டுப் படி ஏறுவதற்குள் இளைக்க ஆரம்பித்தது. படுத்தால் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வரும். வார விடுமுறையன்று மட்டும் அது இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள். திங்கட்கிழமை மாலை வரும்போது குரல் கம்மியிருக்கும். வாரத்தின் கடைசியில் சைகையிலேயே பேச்சை முடித்துக்கொள்வாள். கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, உறிஞ்சும் மருந்துக் குழாய் ஒன்றைக் கொடுத்தார். அவர் எங்கே வேலை என்று கேட்டபோது, "கூழ் கம்பெனி" என்று மட்டும் சொன்னாள். எந்த அறை, என்ன மருந்து என்று சொல்லவில்லை. நான் சொல்லப்போனேன். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது?"

"சீட்டுல எழுதிருவாரு. எழுதினா கம்பெனிக்குக் காட்டணும்."

"காட்டட்டுமே."

"காட்டினா என்ன செய்வாங்க? பாவம்னு மேசைக்கு அனுப்புவாங்க. அங்க காத்தோட்டமா இருக்கும்னு சொல்லுவாங்க. நான் திரும்பிப் போய்க் காம்பு கிள்ள மாட்டன்."

"மூச்சு வாங்கறது பெருசா, மெஷின் பெருசா?"

"உங்களுக்குப் பஞ்சு வெளுக்கறது சோறு. எனக்கு அது மட்டும் இல்லீங்க" என்றாள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு இடத்தில் மூச்சுக்காக நின்றாள்.

பேருந்தில் உட்கார்ந்தபின் அவளே கேட்டாள். "நீங்க படிச்ச புக்குல என்னதான் போட்டிருக்கு? ரெண்டுல எது நல்லது?"

"கிருமிக்கு உன்னோடது கெட்டது. மனுசனுக்கு என்னோடது கொஞ்சம் தேவலாம்."

"ஆனா எங்களோடது வந்தா சொல்லிட்டு வருது. உங்களோடது கமுக்கமா இருக்கும். விரலு வெளுத்தாத்தான் தெரியும்" என்றாள். தன் அறையில் உள்ள எதையும் அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அவள் சொன்னது உண்மையும்கூட. ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. புத்தகத்தில் பார்த்த அளவுக்கு நீர்த்துப் பயன்படுத்தினால், காற்றோட்டம் இருந்தால், இவ்வளவு நெடி இருக்கக் கூடாது. அவள் புடவையில் வரும் வாசனையே அறைக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லிற்று.

என் ஆலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜூன் கடைசியில் ஒரு வெள்ளியன்று அவள் அந்த மருந்துக் குழாயை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு கூழ் ஆலைக்குப் போனேன். பெயர்ப்பலகையில் வெள்ளை பூசியிருந்தது அன்றுதான். காவலாளி அவளுடைய சூப்பர்வைசரை வரவழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். கையில் இருந்த மருந்துக் குழாயைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"வாங்க அண்ணாச்சி, நீங்க பெராக்சைடு கம்பெனின்னு சொல்லுவாங்கள்லா. எங்ககிட்ட பழைய பெராக்சைடு கேன் கொஞ்சம் மிச்சம் கெடக்கு. அத என்ன செய்யன்னு பாத்துச் சொல்லுங்க" என்று உள்ளே அழைத்துப் போனார்.

போகும் வழியில் அந்தக் கண்ணாடி. உள்ளே என் மனைவி முதுகைக் காட்டி நின்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உதவியாக இருந்த தெலுங்குப் பெண் ஒருத்தி, வாளியில் காடி மருந்தைக் கலந்து துணியால் மேடையையும் குழாய் முனையையும் துடைத்துக்கொண்டிருந்தாள். வாளிக்கு மூடி இல்லை. பெராக்சைடு காலத்தில் மருந்து அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே தெளித்துச் சூட்டில் காய்ந்துவிடும், வெளியே வராது என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். இப்போது எல்லாவற்றையும் துடைப்பதும் இதே மருந்தால்தான். துடைக்கிற பெண் கண்ணைத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

அறையின் மேல்மூலையில் காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கான சதுர ஓட்டை இருந்தது. அதற்கு வெள்ளைத் தார்ப்பாயில் உறை தைத்து, நாலு பக்கமும் நாடா வைத்து, தலையணை உறைபோல் அழகாக மாட்டியிருந்தார்கள். அந்தத் தையலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு மிக்சிக்கும் அதே தையலில் ஒரு உறை இருந்தது.

"விசிறி ஏன் மூடியிருக்கு சார்?"

"ஈ அண்ணாச்சி. சீசன்ல மாம்பழ ஈ சும்மா அப்பும். விசிறி நின்னா அந்த ஓட்டை வழியாத்தான் உள்ள வரும். ஒத்த ஈ பை வாயில உக்காந்தா அம்புட்டும் போச்சு. உங்க வீட்டம்மா ஐடியாதான். ரெண்டு சீசனா ஒரு ஈ இல்ல. மேனேஜரே பாராட்டினாருல்லா."

ஆமாம், இரண்டு சீசனாக. அதாவது பெராக்சைடு இருந்த காலத்திலிருந்தே. வாசனையும் இல்லாமல், பெட்டியை விட்டு வெளியேயும் வராமல் இருந்த மருந்துக்கு மூடிய அறை ஒரு பொருட்டே இல்லை. மருந்து மாறியபோது அளவு மாறிற்று, கேன் மாறிற்று, பாடம் நடந்தது. உறையை யாரும் நினைக்கவில்லை. அது மருந்தோடு சம்பந்தப்பட்டதாக யாருக்கும் தோன்றவில்லை, சுத்தத்தோடு சம்பந்தப்பட்டதாகத்தான் இருந்தது.

சூப்பர்வைசரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டால் அவள் மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு செய்ய வேண்டிய விஷயம். பழைய கேன்களை வெயில் படாமல் வைக்கச் சொல்லிவிட்டு, மருந்துக் குழாயை அவள் சாப்பாட்டு இடைவேளையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை வீட்டில் உறையைப் பற்றிச் சொன்னேன். அவள் மிக்சி உறையை எடுத்து அதன் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நாடாவுக்குக்கூட நல்ல துணியாப் பாத்து எடுத்தன்" என்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ செஞ்சது அப்ப சரிதான். மருந்து மாறிடுச்சு."

"எனக்கு மட்டும்னா பரவால்ல. அந்தப் பொண்ணு தினமும் கண்ணைக் கசக்கிட்டு நிக்குது. தூக்கம் பத்தலையாடின்னு நானே திட்டியிருக்கன்."

மறுநாள் சனிக்கிழமை. நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. என் மனைவியும் அந்தத் தெலுங்குப் பெண்ணும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். யார் முதலில் அழுதது என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போகிறது.

வேலை தொடங்கியதும் என் மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, யாரிடமும் கேட்காமல் உறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு விசிறியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அறை தெளிந்துவிட்டது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்குமுன் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் இயந்திரத்துக்கு மட்டும்தான், விசிறிக்கு இல்லை. விசிறி நின்றது. மின்சாரம் திரும்பி வருவதற்குள் அறைக்குள் ஈக்கள். பிடியில் பொருத்தத் தயாராக இருந்த பையின் வாய்மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"எவம்ல இந்த உறையக் கழட்டுனது?"

தெலுங்குப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எலக்ட்ரீசியன்மேல் பழி போட்டுவிடலாம், அவர் வந்துபோனதாகச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றியதாக என் மனைவி பிறகு சொன்னாள்.

"நான்தான் சார்."

"ஏம்மா, நீயே தச்சு மாட்டிட்டு நீயே கழட்டுனியா? மேனேஜருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"மாட்டினா மூச்சு விட முடியல சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஒரு மாசமா."

சூப்பர்வைசர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்போது அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "நாக்கு கூடா அந்தே சார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் என்று பொருள். பயத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. பையை விரித்து வைக்கிற இன்னொரு பெண், தனக்கும் தொண்டை எரிவதாகச் சொன்னாள். மூவரும் தங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள். சொன்னால் அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று மூவருமே பயந்திருக்கிறார்கள்.

"மூணு பேரும் இத்தன நாளு என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீய?" என்று சத்தம் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் தானே போய் வாளியை வெளியே கொண்டுபோய் வைத்தார். தூக்கும்போது அந்த நெடி அவர் முகத்தில் அடித்து, அவரும் நன்றாக இருமியிருக்கிறார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அடுத்த வாரமே விசிறி ஓட்டைக்கு மெல்லிய கம்பிவலை வந்தது. விசிறிக்கும் ஜெனரேட்டர் இணைப்பு கொடுத்தார்கள். மருந்து கலப்பதை வெளி வராந்தாவுக்கு மாற்றி, வாளிக்கு மூடி வைத்தார்கள். கண்ணெரிச்சலும் தொண்டை எரிச்சலும் மற்ற இரண்டு பேருக்கும் நின்றுவிட்டன. ஈயும் வரவில்லை.

என் மனைவிக்கு மட்டும் நிற்கவில்லை. நெடியே தெரியாத அளவு குறைந்த பிறகும், அறைக்குள் போன அரைமணி நேரத்தில் நெஞ்சில் விசில் ஆரம்பித்துவிடும். இந்த முறை டாக்டரிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். உடம்பு ஒருமுறை இந்த மருந்தை விரோதியாக நினைத்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் சண்டைக்கு வரும், விலகியிருப்பதுதான் வழி என்றார் அவர். சீட்டிலும் எழுதினார். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போயிற்று.

மறுநாள் சீட்டை மேனேஜரிடம் கொடுத்தபோது, அவள் பயந்தபடியே அவர் பரிவோடு மேசை வேலையைச் சொன்னார். சம்பளம் குறையாது, உட்கார ஸ்டூல் போடச் சொல்கிறேன் என்றாராம்.

"ஸ்டூல் வேணாம் சார். மெஷின் குடுங்க" என்றிருக்கிறாள்.

"இங்க வேற என்ன மெஷினும்மா இருக்கு?"

"டின் மூடுற மெஷின் இருக்குதே."

அந்த ஆலையில் பழைய டின் பிரிவு ஒன்று இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. கூழைத் தகர டின்னில் அடைத்து, மூடியை மடித்து இறுக்கி, கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். கிருமியைக் கொல்வது வெறும் வெந்நீர்தான். பெராக்சைடும் கிடையாது, காடி மருந்தும் கிடையாது. கூரை மட்டும் உண்டு, சுவர் இல்லை. புகையும் வெக்கையும் வியர்வையுமாக இருக்கும் அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் யாரையும் கூட்டிப்போக மாட்டார்கள். டின் மூடுகிற இயந்திரம் கிழடு. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் பிடிவாதக்காரர். பொம்பளை கையில் அது நிற்காது என்றாராம். ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், நிற்கவில்லை என்றால் நானே மேசைக்குப் போய்விடுகிறேன் என்று இவள் சொன்னாள். மேனேஜர் சிரித்துவிட்டு, சரி என்றார்.

கண்ணாடி அறையை அந்தத் தெலுங்குப் பெண்ணிடம் ஒப்படைத்தார்கள். உள்ளே போகக் கூடாது என்பதால் என் மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, எந்த இடத்தில் கை வைக்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று விரலாலேயே சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மூன்று நாளில் அந்தப் பெண் பழகிவிட்டாள். கடைசி நாள் அவள் உள்ளேயிருந்து கும்பிட்டதாகவும், தான் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்துவிட்டதாகவும் என் மனைவி சொன்னாள். வருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்யாகும்.

ஜூலையில் டின் பிரிவில் சேர்ந்தாள். பக்கத்தில் நிற்பது என்று பேசிய வாரம் முடிவதற்குள்ளேயே அந்தப் பிடிவாதக்காரர் பீடி குடிக்கப் போகும்போது இயந்திரத்தை அவளிடம் விட்டுவிட்டுப் போகத் தொடங்கினார். மடிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று டின்னின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பாள். அவர் அதற்கு அளவுகோல் வைத்திருந்தார். எப்போதாவது அவர் அளந்து பார்த்தால் இவள் சொன்னது பொதுவாகச் சரியாக இருக்கும், சிலசமயம் தப்பாகவும் இருக்கும். தப்பான அன்று அவருக்கு நாள் முழுக்கச் சந்தோஷம்.

அங்கே டின்னும் டின்னும் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் காதில் விழவேண்டுமென்றால் கத்த வேண்டும். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் கிருஷ்ணகிரியில் சாமான் வாங்கிக்கொண்டு ஒரே வண்டியில் திரும்பினோம். அன்று இயந்திரத்தில் என்ன ஆயிற்று, அந்த ஆள் என்ன சொன்னார், இவள் என்ன திருப்பிச் சொன்னாள் என்று ஏறியது முதல் விவரித்துக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்காமல், நடுவில் எங்கும் நிற்காமல். முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டரும் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்" என்றேன்.

"என்னங்க? கேக்கல" என்று இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

ஒன்றுமில்லை, சொல்லு என்றேன். சூளகிரி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.